கல்யாண முருங்கைக்குக் கைப்பிடி உப்பு

கொம்பில் இருந்ததே நான்கு இலை. அதில் ஒன்று மஞ்சளாகியிருந்தது. சுப்பராயலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு குனிந்தார். துடைத்த பிறகு மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"ஏங்க, கனிமொழி லைன்ல இருக்குது. கொம்பு எப்படி இருக்குன்னு கேக்குது" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கொளஞ்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

"தளதளன்னு இருக்குன்னு சொல்லு."

"அத நீங்களே வந்து சொல்லுங்க. பாக்காதத எல்லாம் நான் சொல்ல மாட்டேன்."

அவரே போய்ச் சொன்னார். சிதம்பரத்திலிருந்து மகள், "அப்படியாப்பா, சரிப்பா" என்றாள். சுப்பராயலுவுக்குத் திருப்தியாக இருந்தது. உலகத்தில் ஒரு பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிகிறது என்றால் அதில் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆவணியில்தான் கனிமொழிக்கும் சிதம்பரத்து மாப்பிள்ளை பாலகுமாருக்கும் கல்யாணம் நடந்தது. வழக்கப்படி மணவறை ஓரத்தில் கல்யாண முருங்கைக் கொம்பு ஒன்றுக்கு மஞ்சள் துணி சுற்றி நட்டார்கள். தாலி கட்டி முடிந்ததும் அதை எடுத்துப் போய் வீட்டுக் கொல்லையில் வைத்துவிட வேண்டும். வேர் பிடித்துத் துளிர்த்தால் ஜோடியும் துளிர்க்கும். காய்ந்துபோனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். முறைப்படி அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய கொம்பு. ஆனால் மாப்பிள்ளை எடுத்திருந்தது வாடகைக்கு ஒரு மாடிப் போர்ஷன். மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கொம்பு கடலூரிலேயே, திருப்பாதிரிப்புலியூரில் சுப்பராயலு வீட்டுக் கொல்லையில் தங்கிவிட்டது.

சுப்பராயலுவுக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் கிடையாது. கிடையாது என்பதை மண்டபத்திலேயே அறிவித்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆகையால் மைக் கண்ணில் பட்டால் கை தானாக நீளும். கொம்பு துளிர்ப்பது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றின் கையில் இருக்கிறதே தவிர மாமியார் மருமகள் கையில் இல்லை என்றும், இந்தக் கொம்பைத் தாம் விஞ்ஞான முறைப்படி வளர்த்துக் காட்டப்போவதாகவும் சொன்னார். பந்திக்கு எழுந்தவர்கள் எழுந்த எழுச்சியைச் சபையின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

விஞ்ஞான முறை என்று அவர் சொன்னது சமையலறையை. உரக்கடைக்காரன் மூட்டை கட்டி விற்பதெல்லாம் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடக்க வருகிறவர்களிடம் முட்டை ஓட்டின் சுண்ணாம்பைப் பற்றியும் டீத்தூள் சக்கையின் மகத்துவத்தைப் பற்றியும் கூடவே நடந்து விளக்குவார். அவரிடமிருந்து தப்பிக்க வேகமாக நடந்து நடந்தே பலருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

நம்பிக்கைதான் இல்லையே தவிர பயம் இருந்தது. இரண்டும் வேறு வேறு இலாகாக்கள். ஒரே மகள். தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் கொல்லைக்குப் போய்க் கொம்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். பரிசோதனை என்றால் ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டாமா என்று மனைவியிடம் சொன்னார். கொளஞ்சியம்மாள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மஞ்சள் இலைக்கு முதல் வைத்தியம் முட்டை. ஓடு மட்டும் போதாது, நிலைமை கைமீறுவதற்குள் முழு முட்டையாகவே இறக்கிவிடுவோம் என்று இரண்டு முட்டைகளை வேரோரம் புதைத்தார். மறுநாள் காலையில் முட்டையும் இல்லை, வேரோரமும் இல்லை. பெருச்சாளி வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. மஞ்சள் இலை உதிர்ந்து கிடந்தது. கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்யாண வீட்டில் தூங்கி வழிகிற சித்தப்பா மாதிரி நின்றது.

நிமிர்த்திக் கட்டினார். பெருச்சாளிக்கு விரோதமாக மிளகாய்த்தூளையும் பெருங்காயத்தையும் கலந்து சுற்றிலும் தூவினார். அன்றைக்குப் பார்த்துக் கடற்காற்று. தூவியதில் பாதி அவர் கண்ணுக்கே திரும்பி வந்தது. அவர் ஒரு பகல் முழுக்க ஈரத்துணியோடு படுத்திருந்தபோது, பெருங்காயம் இல்லாத சாம்பாரைப் பற்றிக் கொளஞ்சியம்மாள் சில கருத்துகளைத் தெரிவித்தாள். இரண்டாவது இலை விழுந்தது.

பக்கத்து வீட்டுத் தேவசகாயம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். அவர் வீட்டு வேலியே கல்யாண முருங்கைதான். முள்ளும் இலையுமாக ஆடு நுழைய முடியாமல் மண்டிக் கிடந்தது.

"சார், அத சும்மா வுடுங்களேன். கொம்ப ஒடிச்சி நட்டா தானா வர்ற ஜாதி அது. நான் தண்ணி கூட ஊத்துனதில்ல" என்றார்.

"மாஸ்டர், ஒங்களுது வேலி. இது வாழ்க்கை" என்றார் சுப்பராயலு.

தேவசகாயம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பெருச்சாளி வேரைக் கிளறிவிட்டதால் கொம்பு பலவீனமாகியிருக்கிறது, நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதில்லையா என்று யோசித்து, வெல்லத்தைக் கரைத்துப் புளித்த மோரோடு சேர்த்து ஒரு சொம்பு ஊற்றினார். பொழுது சாய்வதற்குள் கடலூர் முதுநகர் வரைக்கும் உள்ள எறும்புகளுக்குத் தகவல் போய்விட்டது. கொம்பு அடி முதல் நுனி வரை கறுப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. எறும்புக்குச் சோப்புத் தண்ணீர் என்பது அவரே மைதானத்தில் பல பேருக்குச் சொன்ன வைத்தியம். சொன்ன அளவு ஒரு ஸ்பூன். இங்கே விஷயம் மகளுடையது என்பதால் அரை பாக்கெட் வாஷிங் பவுடர் போட்டு, உறுதிக்கு ஒரு மூடி மண்ணெண்ணெயும் விட்டார். எறும்பு போனது. மூன்றாவது இலையும் கூடவே போனது. கொம்பின் பட்டை வெளுத்து, உவர் மண்ணில் அலசி உலர்த்திய துணி போல ஆகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் கனிமொழி பேசினாள். வழக்கமாகச் சாயங்காலம் பேசுகிறவள் நட்டநடுப் பகலில் கூப்பிட்டாள். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது.

"எங்க நிக்கிற?"

"வாசல்லதாம்ப்பா. அப்பா, ஒண்ணு சொல்லணும்."

குரல் கம்மியிருந்தது. சுப்பராயலு கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொம்புக்கு நேர்ந்தது அங்கேயும் எட்டிவிட்டதா? அறிவு அப்படி இல்லை என்றது. வாய் அறிவுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன் மொதல்ல, கேட்டுக்க. கொம்பு புதுசா ரெண்டு எல வுட்டிருக்குது. ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். இன்னிக்குக் காலைலதான் ஸ்கேல் வெச்சி அளந்தேன்."

அந்தப் பக்கம் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"நெஜமாவாப்பா?"

"நான் என்ன சாமியாடியா, பொய் சொல்ல? அளந்து பாத்துச் சொல்றேன். குரல் ஏன் கம்முது, சளியா?"

"ஆமாம்ப்பா. சளிதான். சரிப்பா, வெக்கிறேன்."

சொல்ல வந்தது என்ன என்று கேட்க மறந்துவிட்டது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முக்கியமானதென்றால் அவளே மறுபடி கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. ஆகவே முக்கியமில்லை. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

ஆனால் சொன்ன இரண்டு இலைகளை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். தலை தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வரப்போகிறார்கள். பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் எப்சம் உப்பு போட்டால் இலை பச்சைப் பசேலென்று ஆகும் என்று படித்திருந்தார். மருந்துக் கடையில் போய்க் கேட்டார். கடைக்காரர், பேதி உப்புதானே என்று உறுதி செய்துகொண்டு, வயிறு எத்தனை நாளாகச் சரியில்லை என்று நான்கு பேர் முன்னிலையில் விசாரித்தார். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் அந்த அவமானத்தோடு கடையை விட்டு இறங்கினார். அதில் இருப்பது மக்னீசியம்தானே, கடல் உப்பிலும் மக்னீசியம் இல்லையா, கடலூரில் பிறந்தவன் உப்புக்காக மருந்துக் கடைக்குப் போவதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, ஜாடியிலிருந்து கல்லுப்பை ஒரு கைப்பிடி அள்ளி வேரோரம் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

அதற்குப் பிறகு கொம்பு அவருக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. கடைசி இலை சுருண்டது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பழுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே கீறினார். அங்கேயும் பழுப்பு.

சுப்பராயலு கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கனிமொழி சின்னவளாக இருந்தபோது அதே கல்லின் மேல் நின்றுகொண்டு, அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு சண்டைக்குப் போவாள். கண்ணாடியைத் துடைத்தார். இந்த முறை அழுக்கு கண்ணாடியில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவசகாயம் குடும்பத்தோடு மாதா கோயில் பூசைக்குப் போனார். கொளஞ்சியம்மாளும் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினாள். இரண்டு தெய்வங்களும் அந்தப் பக்கம் பிசியாக இருந்த நேரத்தில், விஞ்ஞானத்தை மட்டும் நம்பிய மனிதர் கையில் கடப்பாரையோடு பக்கத்து வேலிக்குப் போனார். போன மழைக்கு நட்டு வேர் விட்டிருந்த கொம்பு ஒன்று, அளவிலும் உயரத்திலும் ஒத்துப்போயிற்று. மண்ணோடு பெயர்த்தார். முள் இரண்டு முழங்கையையும் கீறியது. செத்ததைப் பிடுங்கிவிட்டு, உப்பு மண்ணையும் வழித்தெறிந்துவிட்டு, அதே இடத்தில் இதை வைத்தார். மஞ்சள் துணியை அவிழ்த்து இதற்குக் கட்டினார். பட்டையில் கொளஞ்சியம்மாள் வைத்திருந்த குங்குமத்தைக் கூட மறக்காமல் அதே உயரத்தில் வைத்துவிட்டார்.

கோயிலிலிருந்து வந்தவள் கொல்லையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்பொண்ணு பொழச்சிக்கிச்சி" என்றாள். சுப்பராயலு முழங்கையைத் துண்டால் மூடிக்கொண்டு, எல்லாம் மக்னீசியம் என்றார்.

மறுநாள் மைதானத்தில் தேவசகாயம், வேலியில் ஒரு கொம்பைக் காணோம் என்றார். ஆடாக இருக்கும் என்றார் சுப்பராயலு. ஆடு கடித்தால் இலை போகும் சார், வேரோடு போகுமா என்று கேட்டுவிட்டு, தேவசகாயம் அவருடைய முழங்கையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். நல்ல மனிதர்கள் அக்கம்பக்கத்தில் இருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அன்றைக்குத்தான் சுப்பராயலுவுக்குத் தெரிந்தது.

தீபாவளிக்கு வந்த கனிமொழி, பையைக் கீழே வைத்ததும் கொல்லைக்குத்தான் போனாள். ஐப்பசி மழையில் கொம்பு மதமதவென்று நின்றது. ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். மெலிந்திருந்தாள். புதுக் குடித்தனம், சமையல் கைக்கு வந்திருக்காது என்று சுப்பராயலு முடிவு செய்தார். மாப்பிள்ளை கூடத்தில் செல்போனைப் பார்த்தபடி இருந்தார். கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அதிகம் பேசாத மாப்பிள்ளை அமைவது ஒரு பாக்கியம் என்று, அதிகம் பேசுகிற மாமனாருக்குத் தோன்றியது.

கிளம்புகிற அன்று காலையில் கனிமொழி கொல்லைக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "அப்பா, நான் வேணா கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா?"

"தலை தீவாளிக்கு வந்த பொண்ணு தங்கினா ஊர் என்னா பேசும்? அதுவும் இங்க பாரு, கொழுந்து. நேத்து இல்ல இது. இத வுட ஒனக்கு வேற என்னா அத்தாட்சி வேணும்?"

அவள் கொழுந்தைப் பார்த்தாள். சரிப்பா என்றாள்.

அதன்பிறகு அவருக்கு ஏறுமுகம். புதுக்கொம்புக்கு அவர் ஒன்றுமே போடவில்லை. போடப் பயம். அதனாலேயே அது வளர்ந்தது. மைதானத்தில், முட்டை, பெருங்காயம், வெல்லம், மோர், சோப்பு, உப்பு என்று வரிசைக்கிரமமாகத் தம்முடைய ஆறு படிச் சிகிச்சையை விளக்கினார். இரண்டு பேர் வீட்டில் செடி செத்துப்போனது. அளவு தவறியிருக்கும் என்றார். தேவசகாயம் மட்டும் அந்த உரையின்போது செருப்பு வார் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

கனிமொழி திடீர் திடீரென்று பகல் வேளையில் கூப்பிடுவாள். அவர் முந்திக்கொண்டு கொம்புச் செய்தி வாசிப்பார். கிளை பிரிந்தது, கொல்லைச் சுவரைத் தாண்டியது, குருவி வந்து உட்கார்ந்தது. இதில் ஒன்றும் பொய்யில்லை என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. அவள் குரல் மட்டும் கம்மியே இருந்தது. சிதம்பரத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பனி வேறு என்று கொளஞ்சியம்மாளிடம் சொன்னார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைப் பொங்கல் வரிசைக்கு எப்படியும் போகத்தானே போகிறோம், எதற்கு இரண்டு செலவு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வரிசை கொண்டுபோகிற நாளில் கொளஞ்சியம்மாளுக்கு முட்டி வீங்கிக்கொண்டது. அவர் மட்டும் கிளம்பினார். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. இவற்றோடு, கொம்பிலிருந்து பறித்த இலைகள் ஒரு மஞ்சள் பை நிறைய. அரிசியோடு அரைத்து அடை வார்த்துச் சாப்பிட்டால் எப்பேர்ப்பட்ட நெஞ்சுச் சளியும் கரைந்துவிடும். மகளின் கல்யாணக் கொம்பின் இலையாலேயே அவள் சளி தீர்வதில் ஓர் அழகு இருப்பதாக அவருக்குப் பட்டது. எந்த வேலியின் இலை என்பது இப்போது அவருக்கே பாதி மறந்துவிட்டிருந்தது. பஸ்ஸில் கரும்பு யார் யார் கண்ணையோ குத்தியது. பரங்கிப்பேட்டை நிறுத்தம் வரைக்கும் வசவு வாங்கினார். மகளை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

கீழவீதிக்குப் பின்னால் சந்து. மாடிப் போர்ஷன் பூட்டியிருந்தது. கீழே குடியிருக்கிற வீட்டுக்காரம்மா ரத்தினம்மாள் வெளியே வந்தாள். கனிமொழி மாவு மில்லுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று சொல்லி நாற்காலி போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்.

"அவுரு வந்து நாலஞ்சி நாளாவுது" என்றாள் ரத்தினம்மாள். "வந்தாலும் தட்டு பறக்குற சத்தம்தான் கேக்கும். பேச்சுச் சத்தம் கேக்காது."

வேலை நிமித்தம் வெளியூர் போயிருப்பார் என்று சுப்பராயலு சொன்னார். அந்த அம்மாள் கரும்பையும் பானையையும் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கொம்ப வளக்குறவரு நீங்கதானா?"

சுப்பராயலு நிமிர்ந்து உட்கார்ந்தார். புகழ் சிதம்பரம் வரை வந்திருந்தது. பையைத் திறந்து ஓர் இலையை எடுத்து நீட்டினார். சாட்சாத் கல்யாணத்தன்று நட்ட அதே கொம்பு என்றார். முட்டையிலிருந்து ஆரம்பித்தார். உப்பு வரைக்கும் வந்தார். ரத்தினம்மாள் இலையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"தீவாளிக்கு முந்தி ஒருவாட்டி, அப்புறம் ஒருவாட்டி, போன மாசம் ஒருவாட்டின்னு உங்க பொண்ணு பொட்டியக் கட்டித் தூக்கிக்கிட்டு இந்த வாசல் வரைக்கும் எறங்கி வந்து, ஆட்டோவ நிக்க வெச்சிட்டு உங்களுக்குத்தான் போன் போடும் சார், பேசி முடிச்சிட்டு, 'கொம்பு துளுக்குதாம்க்கா, எங்கப்பா அளந்து பாக்காம சொல்ல மாட்டாரு'ன்னுட்டு, ஆட்டோவ அனுப்பிட்டு, பொட்டியோட திரும்ப மேல ஏறிப் போயிடும்."